ஜன்னல் கேட்டு வந்த மனு

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பின்சுவரைத்தான். மற்றவர்கள் சாமி படத்தையோ சோபாவையோ பார்ப்பார்கள். நான் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் சென்னையில் அடுக்குமாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, படுக்கையறையில் அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்த என்னைச் சம்பந்தியம்மாள் பார்த்துவிட்டார். "வாஸ்து பார்க்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கண்றாவியில் எனக்கு அன்றும் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது. நம்பிக்கை இல்லாத நான்தான் ஒரு காலத்தில் ஒரு வரிசை வீடுகளை அந்தக் கணக்குப்படி மாற்றிக் கட்ட வைத்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அரசாங்க வேலை என்று நினைத்துவிட வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணம் நிச்சயமாகும்வரை சும்மா இருக்க முடியாமல், அங்கேயே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கசங்கிய வேட்டியும் துணிப்பையுமாக ஒரு மனிதர் வந்து, ஒரு கத்தைக் காகிதத்தை மேசைமேல் வைத்து, "இதையெல்லாம் மெஷின்ல அடிச்சுக் குடுப்பியாமா? என் எழுத்து எனக்கே புரியமாட்டேங்குது" என்றார். யாரோ நிலத் தகராறுக்கு மனு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "அந்த பெஞ்சில உக்காருங்க, நேரமாகும்" என்று அதட்டினேன். பேசாமல் உட்கார்ந்தார். இன்ஸ்டிடியூட் முதலாளி ஓடிவந்து கும்பிட்ட பிறகுதான் அவர் யாரென்று தெரிந்தது. அடுத்த மாதம் அவருடைய ஆபீசில் எனக்கு ஒரு பழைய மெஷினும் ஒரு நாற்காலியும் கிடைத்தன. அதட்டியதற்காகவே என்னை எடுத்தாராம்.

அவருக்கு மாகறல் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் விவசாயக் குடும்பம். சட்டசபை இல்லாத நாட்களில் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். நான் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நடந்து வந்து சேர்வதற்குள் ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடியிருக்கும். சுவரில் மூன்று ஆணிகளில் மூன்று துணிப்பைகள் தொங்கும். ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று வீடு, ஒன்று இதர. வருகிற மனுவை வாய்விட்டு என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எந்தப் பை என்று சொல்வார். இதரப் பைதான் எப்போதும் நிரம்பி வழியும். மருமகனுக்குப் புத்திமதி சொல்லச் சொல்லி ஒருவர், பக்கத்து வீட்டுச் சேவல் ராகுகாலத்தில் கூவுகிறது என்று ஒருவர். அதைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஆஸ்பத்திரிப் பை என்றால் அவர் குரலே மாறிவிடும். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஊர் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசையில் போய் நிற்பார். மருந்து இருக்கிறதா, இல்லை வெளியே வாங்கிக்கொள் என்கிறார்களா என்று தானே பார்க்க வேண்டும் அவருக்கு. ஒருமுறை அவரை அடையாளம் தெரியாமல், "வரிசையில நில்லுயா" என்று யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நெஞ்சு நோய் என்று ஊரில் சொல்கிற காசநோய்க்கான ஊசி மருந்து தீர்ந்துபோனால் சென்னைக்குப் போய் உட்கார்ந்து பெட்டியைக் கையோடு வாங்கி வருவார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார் என்று கண்டக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த மனு வீட்டுப் பையில் இருந்தது. நெசவாளர்களுக்கு ஏரிக்கரையை ஒட்டிக் குடியிருப்பு கட்ட அவர் அலைந்து அனுமதி வாங்கியிருந்த சமயம். வீடு கேட்டு மலைபோல மனு வந்துகொண்டிருந்தது. நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில், குண்டு குண்டாக எழுதியிருந்த அந்த மனுவில் வீடு என்ற வார்த்தை ஒரே ஒருமுறைதான் வந்தது. வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக ஒரு ஜன்னல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எம்.எல்.ஏ. கண்ணைத் திறந்தார். "இன்னொரு தரம் படிமா" என்றார். படித்தேன். "எத்தனையோ மனு பாத்துட்டேன். ஜன்னல் கேட்டு ஒருத்தரும் எழுதலியே" என்று சொல்லி, அந்த அம்மாளை அழைத்துவரச் சொன்னார்.

நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். பட்டு நெசவுக் குடும்பம். விதவை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"என் வூட்டுக்காரரு நெஞ்சு நோயிலதாங்க போனாரு. இப்ப பொண்ணுக்கும் வந்துடுச்சு. பத்தொம்போது வயசு. டாக்டரு ஊசி போட்டுக்கினு இருக்காரு. ஊசியோட நல்ல காத்தும் வேணும், ஜன்னலண்ட படுக்க வையின்றாரு. நாங்க இருக்கறது ஒண்டுக்குடித்தனம், அதுல பாதி தறி. ஜன்னலே கெடையாது. வாசக்கதவு பொது முத்தத்துலதான் தொறக்குது. அங்க உக்காந்து இருமுச்சுன்னா அஞ்சு குடித்தனத்துக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் அதை எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். எம்.எல்.ஏ. என்னைப் பார்த்து, "ஏரியப் பாத்த வரிசையில ஒரு வீடு எழுதிக்கோமா. இவங்க மனுவை ஃபைல்ல சேக்காத, உன்கிட்டயே வச்சுக்கோ" என்றார். ஆக, அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பது ஊரில் டாக்டரைத் தவிர எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கட்டடம் முக்கால்வாசி எழும்பியபோது தாயும் மகளுமாகப் பார்க்க வந்தார்கள். நான் பட்டியலோடு போயிருந்தேன். ஓட்டு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை. ஒவ்வொன்றும் நீளமான ஒரே கூடம், முன்னால் சின்னதாக ஒரு சமையல் தடுப்பு. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரரோடு பொது. அதனால் காற்று வர ஒரே வழி, கூடத்தின் கடைசியில் பின்சுவரில் இருந்த ஜன்னல். அதற்கு வெளியே ஏரிக்கரையும் கருவேலமரங்களும்தான். அந்தப் பெண் ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை முழங்கை வரைக்கும் வெளியே நீட்டினாள். "எம்மா, கை ஜில்லுன்னு இருக்குது பாரு" என்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. என்னைப் பார்த்து, "நீங்க பாக்காமயே அடிப்பீங்களாமே டைப்பம்மா? நானும் பாக்காமயே நாடா போடுவேன். போட்டி வச்சுக்கலாமா?" என்றாள். நாடா என்றால் தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடுகிற, இரு முனையும் கூரான கட்டை. முதலில் உடம்பைத் தேற்று, அப்புறம் போட்டி என்றேன். சரி என்று தலையாட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வீடுகள் முடிந்து, ஒதுக்கீட்டு ஆணையும் நான் டைப் செய்து முடித்த பிறகு வந்தது வினை. நெசவாளர் பெரியவர்கள் நாலைந்து பேர் டேப் கொண்டுவந்து கூடத்தை உள்பக்கமாக அளந்து பார்த்தார்கள். பதினெட்டு அடி. மனையடிக் கணக்கில் பதினெட்டு அடி என்றால் அங்கே வைத்தது எல்லாம் பாழ். பதினாறு என்றால் செல்வம். சென்னையில் உட்கார்ந்து வரைபடம் போட்ட எஞ்சினியருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டார். மறுநாள் முதல் ஒவ்வொருவராக ஆபீசுக்கு வந்து ஆணையைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வாடகைக்கு இருட்டுப் பொந்தில் இருந்தாலும் இருப்போம், பதினெட்டு அடியில் தறி போடமாட்டோம் என்றார்கள்.

எம்.எல்.ஏ. கூட்டம் போட்டார். அவருக்குக் கோயிலும் கிடையாது, சாஸ்திரமும் கிடையாது. வாய்ச்சவடாலில் மனிதர் ஒரு தப்பு செய்தார். "கோட்டையில எத்தனையோ ரூமு பதினெட்டு அடியில இருக்குது. அங்க உக்காந்துக்கினு இருக்கிற நாங்க பாழாவா போயிட்டோம்?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "அதான் பாத்துக்கினு இருக்கோமே!" என்றது. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் ஆபீசுக்கு வந்ததும் முகம் விழுந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்தாகிவிட்டது. ஆளில்லாத வீடுகளை மந்திரி பார்த்தால் அடுத்த கட்ட வீடுகள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று மேலதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். "அஞ்சு வருஷம் நாயா அலைஞ்சேன்மா, ரெண்டு அடியில நிக்குது" என்றார்.

"ரெண்டு அடிதானே, குறைச்சுட்டாப் போச்சு" என்றேன் நான்.

அப்படியே சொன்னேன். பின்சுவருக்கு இரண்டு அடி முன்னால் இன்னொரு சுவர் எழுப்பிவிட்டால் கூடம் பதினாறு அடி. செங்கல் மிச்சம் கிடக்கிறது, மண்ணைக் குழைத்து ஒற்றைச் செங்கல்லில் கட்டலாம், பத்து நாளில் முடிந்துவிடும். எம்.எல்.ஏ. என்னையே பார்த்தார். "உன் தலையில மூளை இருக்குதுமா" என்றார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது எதிரில் வந்தவர்களிடமெல்லாம் நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஜன்னல் அந்தப் பின்சுவரில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். சுவரில் ஒரு திறப்பு விட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன்.

திறப்பு விடக்கூடாது என்றார் மனையடி பார்க்கிற மேஸ்திரி. அவரும் நெசவுக் குடும்பம்தான், அந்த வரிசையில் அவருக்கும் ஒரு வீடு. ஓட்டை இருந்தால் அளவு அது வழியாக அந்தப் பக்கம் போய்விடும், மறுபடியும் பதினெட்டு ஆகிவிடும் என்றார். தரையிலிருந்து ஓடு வரைக்கும் அடைத்தாக வேண்டும், ஒரு வீடு பாக்கியில்லாமல் கட்டியாக வேண்டும், வரிசை வீடு என்பதால் ஒன்றில் தோஷம் இருந்தால் அடுத்ததற்கும் வரும் என்றார். அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பெரியவர்கள் எல்லாரும் அவர் பேச்சுக்குத் தலையாட்டினார்கள், சம்மதம் என்றார்கள். சம்மதம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எதற்கும் தயாராக இருந்தோம்.

சுவர் எழுப்பும் வேலை திருவிழாபோல நடந்தது. ஆணும் பெண்ணும் மண் குழைத்தார்கள். எம்.எல்.ஏ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தார். நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டு வந்தேன். வரிசையின் நடுவில், தனக்கு ஒதுக்கிய வீட்டின் முன்னால் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் செங்கல்லோடு காத்திருந்தார்கள்.

"டைப்பம்மா, எங்க வூட்டுக்கு மட்டும் அந்தச் செவுரு வேணாம்மா" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் பாதி வரிசை பாக்கி. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "ஏன், உங்களுக்கு மட்டும் என்ன தனியா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எதைச் சொல்ல முடியும்? அந்த ஒரு விஷயத்தை அந்தத் தெருவில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தானே கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் பேசினார். கேட்ட வாய் மூடுவதற்குள் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் கேட்டது கேட்டதுதான். மேஸ்திரி, "ஒரு வூடு நின்னாலும் நாங்க யாரும் வரமாட்டோம்" என்று ஆரம்பித்தார். நான் அந்த அம்மாளைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னேன்: "திறப்பு விழா முடியட்டும்மா. நானே ஆள் கூட்டிக்கினு வந்து இடிச்சுத் தரேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க." அவர் வழியை விட்டு நகர்ந்து நின்றார். வேலை ஆரம்பமாயிற்று.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எஞ்சினியர் விஷயம் தெரிந்து குதித்தார். வீட்டின் அமைப்பை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றினால் தனக்கு வேலை போகும் என்றார். அவரைச் சமாதானப்படுத்த எம்.எல்.ஏ. ஒரு அறிவிப்பு தயாரிக்கச் சொன்னார். நான் தயாரித்தேன். தடுப்புச் சுவர் உரிய அனுமதியுடன் கட்டப்பட்டது, எழுத்துமூலமான அனுமதியின்றி அதை இடிப்பதோ துளையிடுவதோ கூடாது, மீறினால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும். துளையிடுவதோ என்பது என் சொந்தச் சேர்க்கை. வாக்கியம் கனமாக இருக்கட்டும் என்று போட்டேன். எம்.எல்.ஏ. முத்திரை குத்தி, ஆளுக்கு ஒரு பிரதி, சாவியோடு சேர்த்து நானே கையில் கொடுத்தேன். எஞ்சினியரைத் தவிர வேறு யாரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியதை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு என்பது புத்தியில் ஏறவில்லை.

தை மாதம் திறப்பு விழா. மந்திரி ஏரிக்கரைப் பக்கமாக நடந்து வந்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வரிசையாக ஜன்னல்கள், பச்சை வர்ணம் அடித்த கதவுகளோடு. அழகாகத்தான் இருந்தது. கிட்டே போய்க் கம்பி வழியாக உள்ளே பார்த்தால் இரண்டு அடி தூரத்தில் செங்கல். மந்திரி கிட்டே போகவில்லை. "ஒவ்வொரு வீட்டுக்கும் காத்தோட்டம், பிரமாதம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தச் சத்தம் சில நாட்களில் இன்னும் எனக்குக் கேட்கிறது. பட்டப்பகலில், அடுப்படியில் நிற்கும்போது கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

மாசியில் அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். எம்.எல்.ஏ. அப்போது பிரசவ வார்டுக்குக் கட்டில் வாங்குவதில் மும்முரமாக இருந்தார். கூட்டமான கூட்டம். அடுத்த வாரம் வருகிறேன் என்று நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். போய்விட்டார். அடுத்த வாரம் நான் போகவில்லை. சித்திரையில் மறுபடியும் வந்தார். அன்று எனக்கு என்ன கேடு என்று ஞாபகமில்லை. மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொண்டிருந்ததாகத்தான் நினைவு. "ஒரு செவுத்துக்கு எத்தனை தடவைமா நடப்பீங்க? எனக்கு வேற வேலை இல்லியா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வேலைய முடிச்சுட்டு வாங்கமா. நான் ஒண்ணும் கை வைக்கல" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆனியில் எம்.எல்.ஏ.வின் சட்டசபைப் பேச்சை டைப் செய்ய உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பது வழக்கம். ஊசி மருந்து எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்றார், அடித்தேன். ஏழைகளுக்கு வீடு என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல என்றார், அடித்தேன். எங்கள் ஊர்க் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறோம் என்றார். கை நின்றுவிட்டது. "இன்னாமா?" என்றார். ரிப்பன் சரியில்லை என்று சொல்லிவிட்டு அடித்து முடித்தேன். அந்த நல்ல மனிதர் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னார். எல்லாரும் சுவரை எப்போதோ இடித்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் நினைத்ததும் சரிதான். கடைசி வரைக்கும் நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் தோற்று, ஊருக்குப் போய், சில வருஷங்களில் காலமாகிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் தோளில் கடப்பாரை. ஏரிக்கரை வழியாகப் போனால் கிட்டம் என்று பின்பக்கமாகவே நடந்தோம். முதல் ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஜன்னல் வழியாக உள்ளே தறி தெரிந்தது. தறிக்கு அந்தப் பக்கம் வாசற்கதவும், அதற்கப்பால் தெருவில் போகிற சைக்கிளும் தெரிந்தன. அடுத்த ஜன்னலில் ஈரத்துணி காய்ந்தது. அதற்கடுத்ததில் ஒரு பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சுவர் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? தறி போட்டா பாவு நூலு நீட்ட எடம் பத்தல. பங்குனியிலயே இடிச்சுட்டோம். மொதல்ல மேஸ்திரிதான் அவரு வூட்ல இடிச்சாரு" என்று சிரித்தாள். ரத்து அறிவிப்பு என்னவாயிற்று என்றேன். எந்த அறிவிப்பு என்று கேட்டாள்.

பதினெட்டு அடிக்குப் பயந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இடித்துவிட்டிருந்தார்கள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கால் வேகமாகப் போகப் பார்த்தது, நான் போகவிடவில்லை. வரிசையின் நடுவுக்கு வந்தோம். அந்த ஒரு ஜன்னலில் மட்டும் கம்பிக்கு அப்பால் செங்கல்.

இதற்குப் பல வருஷம் கழித்து நான் ஒரு டாக்டரிடம், யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நோய்க்கு மருந்துதான் முக்கியம், நோய் முற்றியிருந்தால் ஜன்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். நல்ல டாக்டர், பொய் சொல்லமாட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னது எனக்கு ஒரு நாள்கூடப் பிரயோஜனப்படவில்லை.

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள்தான் திறந்தார். "சொன்னபடி ஆள் கூட்டிக்கினு வந்துட்டேன் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கொத்தனாரையும் கடப்பாரையையும் பார்த்தார். உள்ளே வாங்க என்று விலகி நின்றார். உள்ளே வெளிச்சம் இல்லை. காலையிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தறியில் வேலை நடந்த அடையாளமே இல்லை. தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது.

பொண்ணு எங்கே என்றேன்.

"போன மாசம் போயிடுச்சுமா" என்றார்.

கொத்தனார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வந்த வேலையைப் பார்க்கலாம் என்று சுவர் அருகே போய், விளக்கைக் குனிந்து பிடித்துக் கையால் தடவிப் பார்த்தார். "இங்க யாரோ குடைஞ்சிருக்காங்களே" என்றார்.

அந்த அம்மாள் ஓடிப்போய் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அதுவரை நிதானமாக இருந்தவர் முகம் அப்படியே மாறிவிட்டது. பயம். என்னைப் பார்த்துத்தான் அந்தப் பயம்.

"தப்பா எடுத்துக்காதீங்கமா. பொண்ணு படுத்துக்கினே நாடா முனையால கொஞ்சம் கொஞ்சமா தோண்டி ஓட்டை போட்டுடுச்சு. இம்மாம் வெரல் போற அளவுதான்மா. எனக்குத் தெரியாது. அதுல மூஞ்ச வச்சுக்கினு படுத்துக்கினு இருந்துது. பாத்த அன்னிக்கே நான் மண்ணு வச்சு அடைச்சிட்டேன். காயிதத்துல போட்டிருந்தீங்களே, ஓட்டை போடக்கூடாதுன்னு. அது அழுதுது, வுடுமான்னு சொல்லிச்சு, நான் வுடல. அடைச்சிட்டேன்மா, வந்து பாருங்க. வூட்ட ரத்து பண்ணிடாதீங்க."

என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். படுத்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கும் உயரத்தில், வேறு நிற மண்ணில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு. விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக அடைத்திருந்தார்.